மூட்டை யூரியாவுக்குப் புட்டி ஈடாகுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சம்பா பயிருக்கு மேலுரம் இட யூரியா மூட்டை வாங்கச் செல்லும் விவசாயிகளிடம், இலைமீது தெளிக்கும் திரவ உரமான நானோ யூரியா புட்டியையும் சேர்த்து வாங்கினால்தான் மூட்டை கிடைக்கும் என்று எங்கள் பகுதி உரக்கடைகளில் கட்டாயப்படுத்துவது மிகுந்த வேதனை அளிக்கிறது.

45 கிலோ மூட்டையில் 46 சதவீதம், அதாவது 20 கிலோவுக்குச் சற்று அதிகமாகத் தழைச்சத்து உள்ளது. 2021-இல் அறிமுகமான அரை லிட்டர் புட்டியிலோ, 4 சதவீதக் கணக்கில், 20 கிராம் மட்டுமே இருந்தது. இலை எவ்வளவு திறம்பட உறிஞ்சினாலும், தூர்கட்டும் பருவத்து நெல்லின் பசியை ஆயிரத்தில் ஒரு பங்கு சத்து எப்படித் தீர்க்கும் என்பதை விளக்க வேண்டிய பொறுப்பு விற்பவர்களுக்கு உண்டு.

திரவ உரமே வேண்டாம் என்பதல்ல என் வாதம். நெல் அறுவடையை ஒட்டி, வயலில் எஞ்சிய ஈரத்தில் விளையும் நெல் தரிசு உளுந்தில், மேல்மண் காய்ந்துவிடுவதால் மண்ணில் இடும் உரம் வேருக்கு எட்டாது. அங்கே இலைவழி உரமே கைகொடுக்கும். ஏக்கருக்குத் தழைச்சத்தும் மணிச்சத்தும் கொண்ட டிஏபி உரம் 4 கிலோவை முதல் நாள் மாலையே தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் தெளிந்த நீரை மட்டும் வடித்து, 200 லிட்டராக்கி, பூக்கும் தருணத்திலும் அதிலிருந்து 15 நாள் கழித்தும் வெயில் தாழ்ந்தபின் தெளித்தால் பூ உதிர்வது குறைந்து காய் நன்கு பிடிக்கிறது. அடியுரத்துக்கும் மேலுரத்துக்கும் மூட்டையில் வரும் குருணை உரம், அவசரத் தேவைக்குத் தெளிப்பு என்பதே வயலுக்குப் பொருந்தும் முறை.

எனவே, இந்தக் கட்டாய விற்பனையை மாவட்ட வேளாண்மைத் துறை உடனே தடுத்து நிறுத்துவதுடன், இரு உரங்களையும் அருகருகே இட்டு ஒப்பிடும் செயல்விளக்கத் திடல்களை ஒவ்வொரு வட்டாரத்திலும் அமைக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நெல் விவசாயி ஒருவர்,
மன்னார்குடி வட்டம்.