நடுவழியில் நின்ற ரோலர் கோஸ்டரும் 30 நாள் சலுகைச் சீட்டும்: பணத்தைத் திருப்பித் தரக் கோரும் புகார்

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.
09.06.2025

மதிப்புக்குரிய வாடிக்கையாளர் சேவை முகாமையாளர் அவர்களுக்கு,

கடந்த மே 17 சனிக்கிழமை நாங்கள் நண்பர்கள் ஐந்து பேர் உங்கள் பொழுதுபோக்குப் பூங்காவுக்கு வந்திருந்தோம். அன்று பிற்பகல் உங்கள் பெரிய ரோலர் கோஸ்டர் ஏறுபாதையில் நின்றுபோனது. அதில் நாங்களும் இருந்தோம். அது நின்றதைப் பற்றி எனக்குக் குறை இல்லை. நின்ற பிறகு உங்கள் ஆட்கள் நடந்துகொண்ட விதமும், பணத்துக்குப் பதிலாக எங்கள் கையில் திணித்த சலுகைச் சீட்டும்தான் என்னை எழுத வைத்திருக்கின்றன. இரண்டு வாரத்துக்கு முன் மின்னஞ்சலில் இதைச் சுருக்கமாகக் கேட்டிருந்தேன். “உங்கள் கருத்துக்கு நன்றி, மீண்டும் வருக” என்று ஒரு வரி வந்தது. அதனால் இந்தமுறை விரிவாக எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

நாங்கள் எங்கிருந்து வந்தோம் என்பதை முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் பதில்களில் அதை ஒருவரும் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. யாழ்ப்பாணத்தில் ரோலர் கோஸ்டர் கிடையாது. கோயில் திருவிழாவில் ராட்டினம் சுற்றும், முற்றவெளியில் எப்போதாவது களியாட்ட விழா போடுவார்கள், அவ்வளவுதான். சின்ன வயதிலிருந்து தொலைக்காட்சியில் மட்டும் பார்த்ததை ஒருநாள் ஏறிப் பார்த்துவிட வேண்டும் என்று நாங்கள் ஐவரும் சீட்டுக் கட்டிக் காசு சேர்த்தோம். விசா எடுத்து, காங்கேசன்துறையில் கப்பல் ஏறி, ஏறத்தாழ 60 கடல் மைல் தாண்டி நாகப்பட்டினத்தில் இறங்கி, அங்கிருந்து இரவுப் பேருந்தில் சென்னை வந்தோம். நுழைவுச்சீட்டுகளை ஊரிலிருந்தே இணையத்தில் வாங்கிவிட்டோம்.

காலை நன்றாகவே போனது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். உங்கள் இரண்டாவது ரோலர் கோஸ்டரில் இருக்கைகளைச் சரிபார்த்த அந்த இளம் பெண் ஒவ்வொருவரின் மடிக்கம்பியையும் தன் கையால் ஒருமுறை அழுத்தி, ஒருமுறை மேலே இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கட்டைவிரலை உயர்த்தினார். அவசரப்படுத்திய ஆட்களுக்கும் அவர் வளைந்து கொடுக்கவில்லை. அவரைப் பாராட்டுங்கள். அந்தக் கோஸ்டரில் நாங்கள் கடைசி வரிசைக்காகவே காத்திருந்து ஏறினோம். முன் பெட்டிகள் உச்சியைத் தாண்டி விழத் தொடங்கும்போது கடைசிப் பெட்டி இன்னும் மேலேறிக்கொண்டுதான் இருக்கும். முன்னால் விழும் எடை அதை வேகமாக இழுத்து உச்சியைத் தாண்ட வைக்கும்போது உடம்பு இருக்கையை விட்டு எழும்பும். அந்தக் கணத்தில் எங்கள் ஐவருக்கும் வயிறு தொண்டைக்கு வந்தது. இறங்கியதும் ஒருத்தரும் பேசாமல் திரும்ப வரிசையின் முடிவுக்கு ஓடினோம். அத்தனை சந்தோஷம்.

மூன்றாவது கோஸ்டர் பராமரிப்புக்காக மூடியிருந்தது. மூடுவது நல்லதுதான், பழுதோடு ஓட்டுவதைவிட மேல். ஆனால் முன்பதிவுப் பக்கத்திலும் சொல்லவில்லை, வாசலிலும் சொல்லவில்லை. வெயிலில் அதுவரை நடந்து போன பிறகு, கயிற்றில் தொங்கிய ஒரு தாளில் பார்த்துத் தெரிந்துகொண்டோம்.

இனி பெரிய கோஸ்டர். மூன்று மணி தாண்டியிருக்கும். ஏறுபாதையில் முக்கால்வாசி உயரம் போன பிறகு சங்கிலி நின்றது. பெட்டிகள் ஓரிரு அங்குலம் பின்வாங்கி, ‘டக்’ என்று பிடித்துக்கொண்டன.

நான் குருநகரில் மீன்பிடிப் படகு இயந்திரங்கள் திருத்தும் வேலை செய்கிறேன். அதனால் அந்தச் சத்தம் எனக்குப் பயம் தரவில்லை. ஏறும்போது கேட்கும் ‘டக் டக்’ ஒலி, பெட்டியின் அடியிலுள்ள கொக்கி பாதையின் பற்களில் ஒவ்வொன்றாக விழுந்து ஏறும் ஒலி. படகில் வலை இழுக்கும் வின்ச்சிலும் இதே மாதிரிக் கொக்கி இருக்கிறது. சங்கிலி அறுந்தாலும் மின்சாரம் போனாலும் பெட்டி பின்னால் ஓடாது. அதோடு, பாதை முழுவதும் பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு பகுதியில் ஒரே ஒரு வண்டித்தொடர்தான் இருக்கலாம். முன்னால் போனது தன் பகுதியை விட்டு விலகவில்லை என்றால், பின்னால் வருவதைக் கணினி ஏறுபாதையிலோ தடுப்பு இடத்திலோ நிறுத்திவிடும். ஆகவே நாங்கள் நின்றது பாதுகாப்பு ஏற்பாடு வேலை செய்ததற்கான அறிகுறியாகவே இருக்கலாம். இதைத்தான் பக்கத்தில் அழத் தொடங்கிய நண்பிக்கும், முன் வரிசையில் தகப்பனின் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்த சிறுவனுக்கும் நான் சொன்னேன்.

இதைச் சொல்ல வேண்டியவர்கள் உங்கள் ஆட்கள். கீழே ஒலிபெருக்கி இருந்தது. நாங்கள் ஏறுவதற்கு முன் அதில் சினிமாப் பாட்டுப் போய்க்கொண்டிருந்தது, நாங்கள் மேலே நின்றபோதும் அதே பாட்டு ஓடியது. “வண்டி பாதுகாப்பாக நிற்கிறது, பயப்படாதீர்கள், ஆட்கள் மேலே வருகிறார்கள்” என்று ஒரு வசனம் போதும். அது வரவேயில்லை. கத்தரி வெயில், தலைக்கு மேல் நிழல் இல்லை, கம்பி சுட்டது, குடிக்கத் தண்ணீர் இல்லை. கால் மணி நேரத்துக்கு மேல் அப்படியே இருந்தோம். பின்னால் ஒருவர் கம்பிக்குள்ளிருந்து தானாகவே காலை எடுக்க முயன்றார். ஒன்றும் சொல்லாமல் விட்டால் மனிதர்கள் அப்படித்தான் செய்வார்கள், அங்கேதான் உயிர் போகும்.

பிறகு இரண்டு பேர் பக்கப் படிக்கட்டால் ஏறி வந்து, வரிசை வரிசையாகக் கம்பியை விடுவித்து எங்களை இறக்கினார்கள். இறக்கிய முறை சரி. ஆனால் அவர்கள் பேசிய ஒரே பேச்சு, “போனை உள்ளே வையுங்க, வீடியோ எடுக்கக்கூடாது” என்பதுதான். கீழே வந்ததும் நண்பிக்குத் தலை சுற்றி, தரையிலேயே இருந்துவிட்டாள். முதலுதவி அறை எங்கே என்று கேட்டால், ஊழியர் கையை நீட்டித் திசையைக் காட்டினார். தண்ணீரை நாங்கள்தான் கடையில் காசு கொடுத்து வாங்கினோம்.

அடுத்து நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறாத விஷயம். நண்பியை நிழலில் இருத்திவிட்டு நாங்கள் அந்தக் கோஸ்டருக்கு எதிரிலேயே இருந்தோம். கொஞ்ச நேரத்தில் சங்கிலி மறுபடி ஓடியது, எங்களை இறக்கிய அதே வண்டித்தொடர் சுற்றி வந்து நிலையத்தில் நின்றது. உடனே வரிசையைத் திறந்து ஆட்களை ஏற்றினார்கள். நாங்கள் பார்த்தவரை அதன் பிறகு வெறும் வண்டியை ஒருமுறைகூட ஓட்டிப் பார்க்கவில்லை. என்ன காரணத்தால் நின்றது என்று இயக்குமேடையில் இருந்தவரிடம் நானே போய்க் கேட்டேன். “சென்சார் பிரச்சினை சார், அடிக்கடி வரும், ரீசெட் பண்ணிட்டோம்” என்றார்.

அடிக்கடி வரும் என்பதும் ரீசெட் பண்ணிவிட்டோம் என்பதும் சேர்ந்து வரும்போது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது இங்கிலாந்தின் ஸ்டஃபோர்ட்ஷயரில் ஒரு பூங்காவின் ரோலர் கோஸ்டரில் 2015 ஜூன் 2 அன்று நடந்த விபத்து. அங்கும் கணினி சரியாகத்தான் வண்டியை நிறுத்தியது. பாதையில் வெறும் வண்டி ஒன்று சிக்கி நின்றதைக் கவனிக்காத பொறியியலாளர்கள், கணினிதான் பிழை விட்டது என்று நினைத்து அதை மீறி, ஆட்கள் இருந்த வண்டியை அனுப்பினார்கள். 16 பேர் காயப்பட்டார்கள், இரண்டு இளம் பெண்கள் ஆளுக்கொரு காலை இழந்தார்கள். அடுத்த ஆண்டு நீதிமன்றம் அந்தப் பூங்காவை நடத்திய நிறுவனத்துக்கு 50 இலட்சம் பவுண் தண்டம் விதித்தது. உங்கள் பூங்காவிலும் அப்படி நடந்தது என்று நான் சொல்லவில்லை. உங்கள் மேடையில் இருந்தவர் பேசிய தொனி எனக்குப் பயம் தந்தது என்று சொல்கிறேன். ஓர் இயந்திரம் அடிக்கடி நின்றால் அதைத் திருத்த வேண்டும். ரீசெட் பொத்தான் திருத்தம் ஆகாது.

கடைசியாகச் சலுகைச் சீட்டு. நண்பியின் நிலைமையால் நாங்கள் அதற்குப் பிறகு எதிலும் ஏறவில்லை. சேவை முகப்பில் பணத்தைத் திருப்பிக் கேட்டோம். “பாலிசிப்படி ரீஃபண்ட் இல்லை” என்று, 30 நாளுக்குள் மீண்டும் வர ஐந்து சீட்டுகளை நீட்டினார்கள். எங்கள் கடவுச்சீட்டுகள் அந்த மேசை மேலேயே இருந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து 30 நாளுக்குள் மறுபடி வருவதென்றால் மறுபடி கப்பல், மறுபடி பேருந்து, மறுபடி விடுப்பு. நண்பர்களில் ஒருவன் பள்ளிக்கூட ஆசிரியர், இன்னொருத்தி தாதி. இருவரும் விடுப்புக்குப் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். எங்களால் பயன்படுத்தவே முடியாத ஒன்றை இழப்பீடு என்று சொல்லித் தருவதை நான் ஏற்கவில்லை. அந்தச் சீட்டுகளை இக்கடிதத்தோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

ஐந்து நுழைவுச்சீட்டுகளின் முழுத் தொகையையும் நாங்கள் செலுத்திய அதே வங்கி அட்டைக்குத் திருப்பி அனுப்புங்கள். பணப் பரிமாற்றத்துக்கு வங்கி எடுத்த கட்டணத்தையும் சேர்க்க வேண்டும், அதற்கான பற்றுச்சீட்டும் முன்பதிவு விபரமும் இணைப்பில் உள்ளன. அதைவிட முக்கியமாக, அன்று பிற்பகல் வண்டி ஏன் நின்றது, திரும்ப ஆட்களை ஏற்றுவதற்கு முன் என்ன சோதித்தீர்கள், யார் கையெழுத்திட்டார் என்பதை உங்கள் பராமரிப்புப் பதிவேட்டைப் பார்த்து எழுத்தில் தாருங்கள். நின்ற வண்டியில் இருப்பவர்களிடம் ஒலிபெருக்கியில் பேசவும், இறங்கியவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கவும் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தீர்களா என்பதையும் குறிப்பிடுங்கள். கோஸ்டர் மூடியிருக்கும் நாளில் அதை முன்பதிவுப் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள். தூரத்திலிருந்து வருகிறவர்கள் நாள் மாற்றிக்கொள்வார்கள்.

ஜூன் 30 க்குள் பதில் கிடைக்காவிட்டால், 2019 ஆம் ஆண்டின் இந்திய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறைப்பாடு செய்வேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இல் எப்படிப் பதிவது என்று சென்னையிலுள்ள உறவினர் ஒருவர் மூலம் ஏற்கெனவே கேட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
நண்பர்கள் ஐவர் சார்பாக,
முன்பதிவு செய்தவர்

இணைப்பு: முன்பதிவுப் பிரதி, வங்கிப் பற்றுச்சீட்டு, சலுகைச் சீட்டுகள் ஐந்து