லெக்சிங்டனுக்கு உனக்கு முன்னால் போனவர்கள்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

பார்சலில் பருப்புப்பொடியும் நாரத்தங்காய் ஊறுகாயும் வைத்திருக்கிறேன். ஊறுகாய் பாட்டிலைச் சுற்றியிருக்கும் துண்டைத் தூக்கிப் போட்டுவிடாதே, அது நல்ல துண்டு.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னது என் மனசை விட்டுப் போகவில்லை. இருபது பேருக்கு நேரம் கொடுத்தால் பாதிப் பேர்தான் கிளினிக்குக்கு வருகிறார்கள், இந்த ஊர்க்காரர்களுக்குத் தங்கள் உடம்பு மேலேயே அக்கறை இல்லை என்றாய். மிசிசிப்பிக்குப் போய் மூன்று மாதம்தான் ஆகிறது. அதற்குள் உன் குரலில் இவ்வளவு சலிப்பா என்று எனக்கு வருத்தமாக இருந்தது. அன்று ஒன்றும் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் பக்கத்து வீட்டு ரோஸ் பாட்டியிடம் சொன்னேன். "எந்த ஊர் என்று சொன்னாய்?" என்று இரண்டு தடவை கேட்டார். லெக்சிங்டன், ஹோம்ஸ் கவுன்டி என்றதும் கையிலிருந்த தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டுவிட்டு, "உள்ளே வா" என்றார்.

ரோஸ் கோட்டும் பச்சை ஸ்கார்ஃபுமாக அவர் மாதாமாதம் கிளம்பிப் போவதைப் பார்த்துத்தானே நீ சின்ன வயதில் அந்தப் பெயரை வைத்தாய்? இத்தனை வருஷமாக நானும் அதைப் பார்த்திருக்கிறேன். ஏதோ மாதர் சங்கம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். இங்கே வந்த புதிதில் உனக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் ஓடி வந்தவர் அவர். அவர் எங்கே போகிறார், எதற்குப் போகிறார் என்று நான் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. அதை நினைத்தால் இப்போது கஷ்டமாக இருக்கிறது.

அந்தச் சங்கத்தின் பெயர் ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா. 1908 ஜனவரி 15-ஆம் தேதி வாஷிங்டனில் ஹோவர்ட் பல்கலைக்கழகத்துப் பெண்கள் ஆரம்பித்தது. கறுப்பினக் கல்லூரிப் பெண்கள் தங்களுக்கென்று அமைத்துக்கொண்ட முதல் சொராரிட்டி, அதாவது மாணவிகள் சங்கம். பாட்டி அதில் சேர்ந்தது இங்கே கலிபோர்னியாவில், நம் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் ரோ கிளையில். கல்லூரியோடு முடிந்துவிடும் சங்கம் இல்லை இது. படிப்பு முடித்தவர்களுக்குத் தனிக் கிளைகள் உண்டு, ஆயுசுக்கும் அங்கே வேலை செய்வார்கள். எண்பது வயதிலும் பாட்டி கூட்டத்துக்குப் போவது அதனால்தான்.

ரோ கிளையைத் தொடங்கியவர் ஐடா லூயிஸ் ஜாக்சன். உன் மிசிசிப்பிதான், விக்ஸ்பர்க்கில் பிறந்தவர். 1920-இல் அவர் பெர்க்லியில் சேர்ந்தபோது அவ்வளவு பெரிய பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்கள் மொத்தம் 17 பேர். அதில் பெண்கள் 8 பேர். பக்கத்தில் உட்காருகிறவர்கள் ஒரு புன்னகையோ தலையசைப்போ இல்லாமல், அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலி காலியாக இருப்பது போலவே நடந்துகொள்வார்களாம். நாள் தவறாமல் அந்த வகுப்புக்குள் நுழைவது மிகப் பெரிய கஷ்டங்களில் ஒன்றாக இருந்தது என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். 1921-இல் அந்தச் சில பெண்கள் சேர்ந்து கிளையைத் தொடங்கினார்கள். கல்லூரி ஆண்டு மலரில் தங்கள் படம் வர வேண்டும் என்று 45 டாலர் கட்டினார்கள். அந்தக் காலத்து 45 டாலர் எவ்வளவு பெரிய தொகை என்று யோசித்துப் பார். படமும் எடுத்தாகிவிட்டது. மலர் வந்தபோது அவர்கள் பக்கம் மட்டும் இல்லை. கேட்டதற்கு, நீங்கள் இந்த மாணவர் கூட்டத்தின் பிரதிநிதிகள் இல்லை என்று பதில் வந்ததாம்.

இதைச் சொல்லும்போது பாட்டியின் விரல் மேஜை விரிப்பின் ஓரத்தைத் திரும்பத் திரும்ப நீவிக்கொண்டே இருந்தது.

அந்த ஐடா 1926-இல் நம் ஓக்லாந்து அரசுப் பள்ளிகளின் முதல் கறுப்பின ஆசிரியை ஆனார். அதற்கு முன் முதுகலைப் பட்டம் கையில் இருந்தும் ஓக்லாந்தில் வேலை கிடைக்காமல் தெற்கே எல் சென்ட்ரோ வரை போய்ப் பாடம் நடத்தியிருக்கிறார். 1933-இல் சங்கத்துக்கே தேசியத் தலைவர். தலைவர் ஆனதும் அவர் திரும்பிப் பார்த்தது தான் பிறந்த மாநிலத்தை. 1934 கோடையில் சில ஆசிரியைகளைக் கூட்டிக்கொண்டு லெக்சிங்டனுக்கு வந்தார், அரீனியா மல்லோரி நடத்திய செயின்ட்ஸ் பள்ளிக்கு. கிராமத்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கத்தான் வந்தார்கள். ஆனால் பசியும் நோயுமாக இருக்கும் பிள்ளைகளுக்குப் பாடம் எப்படி ஏறும்? அடுத்த வருஷம் டாக்டர்களும் நர்சுகளும் வந்தார்கள். வாஷிங்டனிலிருந்து டாக்டர் டோரத்தி ஃபெரிபீ தலைமையில். தெற்கத்தி ரயில்களில் அவர்களுக்கு மரியாதையாக ஓர் இடம் கிடைக்காது, அதனால் அவ்வளவு தூரமும் சொந்தக் கார்களிலேயே.

கண்ணம்மா, இனிமேல் வருவதைக் கொஞ்சம் கவனமாகப் படி. லெக்சிங்டனில் கிளினிக் திறந்து காத்திருந்தார்கள். எதிர்பார்த்த அளவுக்கு ஆள் வரவில்லை. உனக்கு வராத மாதிரியேதான். பருத்திக் காட்டு முதலாளிகள் தங்கள் நிலத்தில் வாரத்துக்கு உழுத குடியானவர்களை அங்கே போக விடவில்லை. வெளியூர்ப் பெண்கள் வந்து தங்கள் ஆட்களைக் கலைத்துவிடுவார்கள் என்று பயம். வராதவர்களுக்கு அக்கறை இல்லை என்று சொல்லிவிட்டு இவர்கள் ஊருக்குத் திரும்பிவிடவில்லை. மருந்துப் பெட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு பண்ணைகளுக்கே போனார்கள். முதலாளியிடம் அனுமதி வாங்கி, அவருடைய ஆட்கள் துப்பாக்கியோடு பார்த்துக்கொண்டு நிற்கும்போதே, பிள்ளைகளுக்கு அம்மை குத்தினார்கள், தொண்டை அடைப்பானுக்கு ஊசி போட்டார்கள், சொத்தைப் பல் பார்த்தார்கள். இரண்டாம் உலகப் போர் வந்து பெட்ரோலுக்கும் டயருக்கும் தட்டுப்பாடு வரும்வரை ஒவ்வொரு கோடையிலும் மிசிசிப்பியில் இது நடந்தது. யாருக்கும் சம்பளம் கிடையாது, தங்கள் விடுமுறையைக் கொடுத்துவிட்டு வந்தவர்கள்.

போன சனிக்கிழமை பாட்டியோடு நானும் போனேன். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சனி ஞாயிறில் சாப்பிடப் பை கட்டித் தரும் வேலை. வெள்ளிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் திங்கள்கிழமை வரை சரியாகச் சாப்பிடாத பிள்ளைகள் இந்த ஊரிலும் இருக்கிறார்கள். ஓட்ஸ், டின் மீன், வேர்க்கடலை வெண்ணெய், ஆப்பிள் கூழ். நான் டின்களை மேலே வைத்தேன். பாட்டி ஒன்றும் சொல்லாமல் எடுத்து அடியில் வைத்தார். மேலே கனம் இருந்தால் ஆறு வயதுப் பிள்ளையின் தோளைப் பின்னால் இழுக்குமாம். டின்னைக்கூடப் பிள்ளையே திறக்கிற மாதிரி வளையம் வைத்ததாகத்தான் வாங்குகிறார்கள், வீட்டில் பெரியவர்கள் இல்லாத நேரமாக இருக்கலாம் என்று. இதையெல்லாம் யோசித்து வைத்திருக்கிறார்களே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அங்கே ஓர் அம்மா நான் சென்னை என்று தெரிந்ததும் கமலா ஹாரிஸ் பேச்சை எடுத்தார். ஹோவர்டில் படித்தபோது கமலா சேர்ந்ததும் இதே சங்கத்தில்தான். 1958-இல் நம் ஊர்க் குடும்பத்திலிருந்து தனியாக பெர்க்லிக்கு வந்த கமலாவின் அம்மா சியாமளாவைத் தங்களில் ஒருத்தியாகச் சேர்த்துக்கொண்டவர்கள் இங்கிருந்த கறுப்பின மாணவர்கள். நம்மையும் அப்படித்தானே பாட்டி சேர்த்துக்கொண்டார்?

சரி, பாட்டி உன்னிடம் ஒன்று கேட்டிருக்கிறார். தொண்ணூறு வயதைத் தாண்டியவர்கள் உன் கிளினிக்குக்கு வந்தால் மேல் கையைப் பார்க்கச் சொன்னார். எனக்கு இருக்கிறதே, சின்னப் பிள்ளையில் நீ விரலால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாயே, அந்த அம்மைத் தழும்பு. எல்லாத் தழும்பும் அந்தப் பெண்கள் போட்டதாக இருக்காது. ஆனாலும் யார் குத்தினார்கள், எங்கே வைத்துக் குத்தினார்கள் என்று கேள். அப்படியே அந்த வராத பத்துப் பேர் எங்கே குடியிருக்கிறார்கள், அங்கிருந்து கிளினிக்குக்குப் பஸ் இருக்கிறதா என்றும் விசாரித்துச் சொல். பாட்டி இந்த ஞாயிறும் என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், போனை ஸ்பீக்கரில் போடுகிறேன்.

அன்புடன்,
அம்மா