பரங்கிமலையின் கல் சிலுவை

ஆசிரியர் அவர்களுக்கு,

பரங்கிமலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் விமானம் இறங்குவதை வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். மாதா கோயிலுக்குள் சென்று பீடத்தின் பின்சுவரில் பதித்திருக்கும் கல் சிலுவையை நின்று பார்ப்பவர்கள் குறைவு. எனக்கு இது பெரிய மனக்குறை.

1547இல் போர்த்துகீசியர் அங்கே அஸ்திவாரம் தோண்டியபோது கிடைத்த கல் அது. சிலுவையின் முனைகள் பூமொட்டுகளாக விரிகின்றன. மேலே ஒரு புறா தலைகீழாக இறங்குகிறது. சுற்றிலும் வளைவில் ஓடும் எழுத்து, பழைய பாரசீகத்தின் பஹ்லவி! கேரளத்தின் கோட்டயத்தில் உள்ள வலிய பள்ளி என்ற தேவாலயத்திலும் இதே வாசகம் பொறித்த சிலுவை உண்டு. போர்த்துகீசியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே பாரசீகத் தொடர்புள்ள கிறிஸ்தவர்கள் இந்தக் கரையில் வாழ்ந்தார்கள் என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? இரத்தம் கசிந்த சிலுவை என்று பக்தர்கள் போற்றுவதால்தான் இத்தனை காலம் அது பத்திரமாக இருக்கிறது. அந்த பக்திக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

ஆனால் பாதுகாப்பு மட்டும் போதாது. அந்த எழுத்துகளின் பெரிய படத்தையும் தமிழ் விளக்கத்தையும் மலையடிவாரத்திலேயே வைக்கலாம். ஆர்மீனிய வணிகர் உஸ்கான் கட்டிக்கொடுத்த படிகளில் ஏறுமுன் எல்லோரும் படிப்பார்கள். சென்னைப் பள்ளிகளின் சுற்றுலாப் பட்டியலில், மகாபலிபுரத்தோடு பரங்கிமலையையும் சேர்க்குமாறு கல்வித்துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு வாசகர்,
ஆதம்பாக்கம், சென்னை