நனைந்து வந்த மக்காச்சோளத்துக்கு இழப்பீடும் ஆவணங்களும் கேட்டுப் புகார்

அனுப்புநர்:
உரிமையாளர்,
கோழித் தீவன ஆலை,
நாமக்கல் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர்,
ரயில் சரக்கு ஒருங்கிணைப்பு நிறுவனம்,
சேலம் கிளை.

பொருள்: பீகார் மாநிலம் பூர்ணியாவிலிருந்து நாமக்கல் கூட்ஸ் ஷெட்டுக்கு (ரயில் சரக்கு இறக்கும் இடம்) வந்த ரேக்கில் (முழுச் சரக்கு ரயில்) எங்கள் மக்காச்சோளம் நனைந்து கெட்டது, ஓபன் டெலிவரி (சரக்கைத் திறந்து பார்த்து, சேதத்தைப் பதிவு செய்து ஒப்படைப்பது) கேட்காமல் சரக்கை எடுத்தது, டெமரேஜ் தொகையை (வேகனை நேரத்துக்குள் காலி செய்யாததற்கு ரயில்வே போடும் தாமதக் கட்டணம்) எங்கள் கணக்கில் ஏற்றியது தொடர்பாக.

ஐயா,

ஜூன் கடைசியில் வந்த ரேக்கில் எங்களுக்கு இரண்டு வேகன் சரக்கு வந்தது. அதில் ஒரு வேகனின் நிலையை நான் நேரில் பார்த்தேன். கதவைத் திறந்ததுமே புளித்த வாடை. கதவோரம் இருந்த அடி மூட்டைகள் தரையோடு ஒட்டிக்கிடந்தன. லோடுமேன்கள் கொக்கி போட்டு இழுத்தபோது சாக்கு கிழிந்து, கட்டிகட்டியாக மக்காச்சோளம் கொட்டியது. மூட்டைக்குள் கையை விட்டால் சூடு. குத்தூசியில் எடுத்த மாதிரியில் பச்சைப் பூஞ்சை கண்ணுக்கே தெரிந்தது. ஈரப்பதம் 14 சதவீதத்துக்குள் என்று பேசி வாங்கிய சரக்கு, மீட்டரில் 19 காட்டியது. மூட்டைகளை இறக்கிய பிறகு உள்ளே ஏறிப் பார்த்தேன். கூரைத் தகடு பக்கவாட்டுச் சுவரோடு சேரும் இடத்தில் துரு தின்ற ஓட்டை, அதன் வழியே வெளிச்சம் விழுந்தது. ஏற்றுவதற்கு முன் ஒரு ஆள் உள்ளே நின்று இரண்டு கதவையும் மூடிப் பார்த்திருந்தால் அந்த ஓட்டை அப்போதே தெரிந்திருக்கும். மழை தொடங்கும் பருவத்தில் அனுப்பும் சரக்குக்கு இதைச் செய்யாமல் ஏற்றியது ஏன்?

அந்த இடத்திலேயே உங்கள் ஆளிடம் ஓபன் டெலிவரி கேட்கச் சொன்னேன். சரக்கு சேதமாகி வந்தால், பெறுபவர் கேட்கும்பட்சத்தில், ரயில்வே அதைத் திறந்து பார்த்து சேதத்தைப் பதிவு செய்து ஒப்படைக்க வேண்டும் என்று 1989 ரயில்வே சட்டத்தின் 81-வது பிரிவு சொல்கிறது. ஆனால் கேட்க வேண்டியவர் ஆர்.ஆரில், அதாவது சரக்கை ஏற்றதற்கு ரயில்வே தரும் ரசீதில், பெறுபவராக இருப்பவர். அந்த ஆர்.ஆர். உங்கள் நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது. பணம் கட்டியவன் நான், சரக்கு என்னுடையது. ஆனாலும் கூட்ஸ் ஷெட் சூப்பர்வைசர் முன்னால் என் பேச்சுக்கு மதிப்பில்லை. உங்கள் ஆள் சொன்ன பதில்: "மொதல்ல இறக்கட்டும்ங்க, டெமரேஜ் ஓடுது, பொறவு பாத்துக்கலாம்." குறிப்பு எதுவும் எழுதாமல் கையெழுத்துப் போட்டு மொத்த ரேக்கையும் எடுத்துக்கொண்டார்.

இப்போது உங்கள் அலுவலகத்தில் கேட்டால், வழியில் நனைந்ததற்கு ரயில்வேதான் பொறுப்பு, அங்கே கேளுங்கள் என்கிறீர்கள். சேதமில்லை என்று நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகு, உங்கள் பெயரில் இருக்கும் ஆர்.ஆருக்கு நான் எப்படி இழப்பீடு கேட்பது?

ரயிலில் வர வேண்டிய அவசியம் எங்களுக்கு ஏன் என்பது உங்களுக்குத் தெரியும். முட்டைக்கோழி ஒன்று நாளைக்கு ஏறத்தாழ 110 கிராம் தீவனம் தின்னும், அதில் பாதி மக்காச்சோளம். நாங்கள் அரைத்துக் கொடுக்கும் பண்ணைகளில் எல்லாமாக ஒரு லட்சம் கோழிகள். ஒரு நாளைக்கு ஐந்தரை டன் மக்காச்சோளம் வேண்டும். ரேக் என்றால் 42 வேகன், 2,600 டன். அதை நான் ஒருவனே வாங்கினால் தீர்வதற்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் வண்டு அரித்துவிடும். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் லாரியில் கொண்டுவந்தால் வாடகை கட்டாது. 2013-இல் சேலம்–கரூர் பாதை நாமக்கல் வழியாக வந்தபோது பெரிய ஆலைகளுக்கு வழி திறந்தது. எங்களைப் போன்ற சின்ன ஆலைகளின் தேவையை ஒன்றுசேர்த்து ஒரு ரேக்காக்கித் தருவோம் என்று நீங்கள் வந்தபோதுதான் எங்களுக்கும் திறந்தது. அந்த வேலையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. உங்களால்தான் அறுவடைக் காலத்து விலைக்குப் பீகார் சரக்கு எங்களுக்குக் கிடைக்கிறது. ஆனால் சரக்கைச் சேர்க்கும்போது எங்கள் உரிமையையும் சேர்த்து உங்கள் பெயருக்கு எடுத்துக்கொள்கிறீர்கள். நஷ்டம் வந்தால் மட்டும் அதை வேகன் கணக்கில் எங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறீர்கள்.

டெமரேஜ் விஷயமும் இதுதான். வேகனுக்கு மணிக்கு இவ்வளவு என்று ரயில்வே போடுவது எனக்குத் தெரியும். அன்று தாமதம் ஆனது லாரி வராததால். லாரியும் லோடுமேன்களும் ஏற்பாடு செய்வது ஒப்பந்தப்படி உங்கள் பொறுப்பு. எங்கள் இரண்டு வேகனுக்கான லாரிகள் கூட நீங்கள் அனுப்பியவைதான். அவை மதியம் வரை வரவில்லை. டெமரேஜைத் தள்ளுபடி செய்யக் கோரி ரயில்வேயிடம் மனு கொடுக்க வழி இருக்கிறது. கொடுத்தீர்களா என்றால் பதில் இல்லை. டெமரேஜுக்கு ரயில்வே கொடுத்த ரசீதின் நகலைக் கேட்டால், "கணக்குப் பிரிவில் இருக்கிறது" என்கிறார்கள். பில்லில் ஒற்றை வரியாகத் தொகை மட்டும் வந்திருக்கிறது.

கெட்டுப்போன சரக்கை என்ன செய்வது என்பது அடுத்த கஷ்டம். நனைந்த மக்காச்சோளத்தைக் காயவைத்து அரைத்துவிடலாம் என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர் யோசனை சொன்னார். தயவுசெய்து இதை வேறு யாருக்கும் சொல்ல வேண்டாம். பூஞ்சை உண்டாக்கிய அஃப்ளாடாக்சின் என்ற நச்சு வெயிலில் காயவைத்தால் போகாது. அது தீவனத்தில் சேர்ந்தால் கோழியின் ஈரல் கெடும், முட்டை குறையும், நோய் எதிர்ப்புச் சக்தி விழும். நச்சைப் பிடித்துவைக்கும் டாக்சின் பைண்டர் கலந்தாலும் அதற்கு ஒரு அளவு உண்டு. எங்களிடம் தீவனம் வாங்குபவர்கள் சின்னப் பண்ணைக்காரர்கள். ஒரு பேட்ச் கோழி முட்டை குறைந்தால் அவர்கள் வங்கிக் கடனைக் கட்ட முடியாது. அதனால் அந்த வேகனில் வந்த நனைந்த மூட்டைகளைத் தனியாக அடுக்கி, எடை போட்டு, மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். நீங்களும் ஆள் அனுப்பிப் பார்த்துக்கொள்ளலாம். அதுவரை ஒரு மூட்டையையும் நகர்த்த மாட்டேன்.

உங்களிடம் நான் கேட்பவை இவை. ஆர்.ஆர். நகல், எங்கள் வேகன் எண்கள், டெலிவரி எடுத்த பதிவின் நகல், டெமரேஜ் ரசீது ஆகியவற்றை ஒரு வாரத்துக்குள் தர வேண்டும். சரக்கு ஓனர்ஸ் ரிஸ்க்கில் (உரிமையாளர் பொறுப்பில்) பதிவானதா, ரயில்வே ரிஸ்க்கிலா (ரயில்வே பொறுப்பிலா), டிரான்சிட் இன்சூரன்ஸ் (வழியில் வரும் சரக்குக்கான காப்பீடு) எடுக்கப்பட்டதா என்பதையும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சட்டத்தின் 106-வது பிரிவுப்படி, சரக்கை ரயில்வேயிடம் ஒப்படைத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் இழப்பீட்டு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதை உங்கள் பெயரில் உடனே கொடுத்து நகலை எனக்கு அனுப்புங்கள். ரயில்வே தந்தாலும் தராவிட்டாலும், நனைந்த மூட்டைகளின் கொள்முதல் விலையும் அதற்கான ரயில் கட்டணமும் எங்கள் கணக்கில் வரவு வைக்கப்பட வேண்டும், ஏனென்றால் ஓபன் டெலிவரி கேட்காமல் விட்டது உங்கள் ஆள். டெமரேஜ் தொகை எங்கள் பில்லிலிருந்து நீக்கப்பட வேண்டும்.

அடுத்த ரேக்குக்கு முன்பணம் கேட்டு உங்கள் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. சேதம் தெரிந்தால் ஓபன் டெலிவரி கேட்டே தீருவோம், ஏற்றும் இடத்தில் வேகனைச் சோதித்த படத்தை அனுப்புவோம் என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுங்கள். அதில் கையெழுத்தான பிறகு முன்பணம் கட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
தீவன ஆலை உரிமையாளர்.

இணைப்பு: கூரை ஓட்டை, நனைந்த மூட்டைகளின் படங்கள், எடைச் சீட்டுகள், தங்கள் பில்லின் நகல்.