ஒரு நாற்காலிக்கு ஐந்து பேர்

நாட்டின் சுகாதாரப் பணியாளர் திட்டத்தை வகுக்கும் அமைச்சக அதிகாரிகளுக்கும் திட்டக் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். பிரசவ வார்டில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்த செவிலியர் எழுதுகிறேன். உங்கள் ஆவணங்களை விடாமல் படிப்பவள் நான். ஆயிரம் பேருக்கு இத்தனை மருத்துவர், இத்தனை செவிலியர் என்று தொடங்கும். அடுத்த பக்கத்தில் எத்தனை கல்லூரி, எத்தனை இடம் என்று கணக்குப் போய்விடும். மக்களுக்கு என்னென்ன நோய், அதற்கு யார் எத்தனை மணி நேரம் பக்கத்தில் நிற்க வேண்டும் என்ற கேள்வியைத் தேடித் தேடிப் பார்க்கிறேன்.

வலி வலுத்த தாய்க்கு அரை மணிக்கு ஒருமுறை குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டு, பிரசவம் போகும் போக்கைக் குறிக்கும் பார்ட்டோகிராஃப் தாளில் புள்ளி வைக்க வேண்டும். முக்கத் தொடங்கிவிட்டால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்க வேண்டும். ஓர் இரவு மூன்று தாய்மார், நான் ஒருத்தி. ஒருவருக்குக் குழந்தை பிறந்து ரத்தப்போக்கு நிற்கவில்லை. கர்ப்பப்பையை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து “சிஸ்டர், சிஸ்டர்” என்று இன்னொருவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். கையை எடுக்க முடியவில்லை. விடிந்ததும் பார்த்தால் அவருடைய தாளில் இரண்டு மணி நேரத்துக் கட்டங்கள் காலி. தாயும் சேயும் நலமாகத்தான் வீட்டுக்குப் போனார்கள். ஆனாலும் அந்தக் காலிக் கட்டங்கள் இன்றும் கண்ணுக்குள் நிற்கின்றன. அந்த ஆண்டு அறிக்கையில் எங்கள் வார்டில் பணியிடங்கள் நிரம்பியிருந்தன.

நிரம்பியிருந்தும் ஆள் போதாமல் போவது எப்படி என்று ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். வார ஓய்வு, விடுப்பு, பயிற்சி எல்லாம் போக ஒருவர் ஆண்டுக்கு 220 நாள், நாளுக்கு எட்டு மணி நேரம் வேலை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,760 மணி நேரம். ஓர் ஆண்டில் இருப்பதோ 8,760 மணி நேரம். பிரசவ அறையில் ஒரு செவிலியரின் நாற்காலி ஒரு நிமிடமும் காலியாகாமல் இருக்கவே ஐந்து பேர் தேவை. இரவில் இரண்டு செவிலியர் வேண்டுமென்றால் அதற்குமேலும் ஆள் வேண்டும்.

இப்படி வேலையின் அளவிலிருந்து ஆள்தேவையைக் கணிக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் 1990களிலேயே வகுத்துக் கொடுத்துவிட்டது. அதுவும் முழுமையானதல்ல. பதிவேட்டில் உள்ள வேலையை மட்டும் எண்ணினால், வந்தவர்களைத்தான் எண்ணுவோம். உயர் ரத்த அழுத்தம் வலிப்பதில்லை. அதோடு வாழும் பலர் மருத்துவமனைப் பக்கமே வருவதில்லை. பக்கவாதம் வந்த பிறகுதான் நம் கணக்குக்குள் வருகிறார்கள். ஆகவே வீடுவீடாக எடுக்கும் நோய்க் கணக்கெடுப்பும் பதிவேட்டோடு சேர்ந்து உங்கள் மேசைக்கு வர வேண்டும்.

ஆயிரம் பேருக்கு மருத்துவர், செவிலியர், மகப்பேறு செவிலியர் எல்லாரும் சேர்ந்து 4.45 பேர் என்று அதே நிறுவனம் 2016-இல் ஒரு குறியீட்டு அளவு சொன்னது. நாடுகளை ஒப்பிட்டுப் பார்க்க உதவும் எண் அது. அதையே இலக்காக வைத்துக்கொள்ளும்போதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. பிறப்பு அதிகமுள்ள நாடும் முதியோர் பெருகிவிட்ட நாடும் ஒரே எண்ணை எட்டலாம். முன்னதற்கு மகப்பேறு செவிலியர் வேண்டும். பின்னதற்கு வீட்டுக்கு வந்து புண் கட்டுபவரும் இயன்முறை மருத்துவரும் வேண்டும். இயன்முறை மருத்துவர் அந்த 4.45-க்குள் வரவே இல்லை.

கணக்கு தவறினால் திருத்த நாளாகும். கனடா 1990களின் தொடக்கத்தில் மருத்துவர் மிகுதி என்று நம்பி, மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையை ஏறத்தாழப் பத்து விழுக்காடு குறைத்தது. சில ஆண்டுகளிலேயே பற்றாக்குறை என்ற குரல் எழுந்து, மீண்டும் கூட்ட வேண்டியதாயிற்று. கூட்டிய இடத்தில் சேர்ந்த மாணவர் தனியாக நோயாளியைப் பார்க்கப் பத்தாண்டு ஆகிவிடும்.

யார் செய்வது என்பதையும் தேவையை வைத்தே முடிவு செய்யுங்கள். மொசாம்பிக் 1984-இல் மருத்துவர் அல்லாதவர்களுக்கு அறுவை சிகிச்சைப் பயிற்சி கொடுக்கத் தொடங்கியது. கிராமப்புற மாவட்ட மருத்துவமனைகளில் சிசேரியன்களில் மிகப் பெரும்பாலானவற்றை அவர்கள்தான் செய்கிறார்கள் என்று பின்னர் நடந்த ஆய்வு காட்டியது. பட்டம் பெற்று ஏழு ஆண்டுகளுக்குப் பிறகும் அவர்களில் பெரும்பாலோர் அங்கேயே இருந்தார்கள். அதே காலத்தில் அங்கு அனுப்பப்பட்ட மருத்துவர்களில் ஒருவரும் இல்லை.

படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் செவிலியரும், ஆளில்லாத வார்டும் ஒரே நாட்டில் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். கல்லூரி இடத்துக்கு ஒரு துறை, சம்பளப் பணத்துக்கு இன்னொரு துறை என்று இருந்தால் அப்படித்தான் ஆகும். நிதித் துறை கையெழுத்துப் போடாத பணியிடத்துக்காகப் பிள்ளைகளைப் படிக்க வைக்காதீர்கள்.

அடுத்த வரைவு தயாராகும் கூட்டத்துக்கு இரவுப் பணி முடித்த ஒரு செவிலியரையும் அழையுங்கள். முந்தைய மாதத்தின் பார்ட்டோகிராஃப் தாள்களைக் கொண்டுவரச் சொல்லி, காலிக் கட்டங்களை அவரோடு உட்கார்ந்து எண்ணுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மகப்பேறு செவிலியர்