பீடி கார்டு இருக்கா என்று கேட்ட பெண்ணுக்கு

முக்கூடல் சொந்தங்களுக்கு வணக்கம்.

அம்மா வீட்டுக்கு வந்து இன்றோடு ஒன்பது நாள். நேற்று விடியற்காலையில் யாரையும் எழுப்பாமல் தானாகப் போய் வாசல் தெளித்திருக்கிறாள். ஓடிப்போய் வாளியைப் பிடுங்கிய என் மனைவிக்கு நல்ல திட்டு. அந்தத் திட்டைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு சீராக வந்தது. சரி, இனி எழுதலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

அம்மாவுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், அது எப்போது தெரிந்தது, ஏன் வைத்தியத்துக்குத் திருவனந்தபுரம் போனோம் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரு முழுக்கப் பேசியாகிவிட்டது, திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்தது 25 நாள். நடுவில் வாரம் ஒரு முறை மருந்து ஏற்றினார்கள். அப்புறம் உள்ளே வைக்கும் கதிர். எல்லாம் முடிந்தது. மூன்று மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள்.

நன்றி சொல்ல வேண்டிய ஆட்கள் நிறைய. பெயர் போட்டால் யாராவது விட்டுப்போவார்கள், அப்புறம் கல்யாண வீட்டில் முகம் திருப்புவார்கள். அதனால் மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன். என் ஜெராக்ஸ் கடைச் சாவியை வாங்கிக்கொண்டு, பரீட்சை சமயத்தில் பிள்ளைகள் அலையாமல் தினமும் ரெண்டு மணி நேரம் கடையைத் திறந்து வைத்த டீக்கடை அண்ணாச்சிக்கு. ரத்தம் கொடுக்க நாகர்கோவிலில் இருந்து வந்த கூட்டாளிகளுக்கு. அறைக்குள் சோறு பொங்கக் கூடாது என்று போர்டு மாட்டியிருந்தும், எங்கள் குக்கர் விசில் காதில் விழாத மாதிரி இருந்த லாட்ஜ்காரருக்கு. என் பிள்ளைகளுக்கு ஐந்து வாரமும் சோறு போட்ட மதினிக்கு. வட்டி கேட்காமல் கொடுத்தவர்களுக்கும், வட்டி வாங்கினாலும் வாசலில் வந்து நிற்காதவர்களுக்கும். எல்லாருக்கும் கைகூப்பி நன்றி.

ஆனால் இந்த மடல் முக்கியமாக ஒரு பெண்ணுக்கு. அவள் பெயர் எனக்குத் தெரியாது. கழுத்தில் தொங்கிய அட்டையில் பெயர் மலையாளத்தில் இருந்தது. எனக்கு அந்த எழுத்து வாசிக்க வராது. வயசு 25 இருக்கலாம். கையில் ஒரு பரீட்சை அட்டை, அதில் கிளிப் போட்ட தாள்கள். புற்றுநோய்க்காரர் வீட்டில் பணம் எப்படியெல்லாம் கரைகிறது என்று ஓர் ஆய்வுக்காகக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தாள்.

முதல் நாள் வந்தபோது 'அப்புறம் பார்க்கலாம்' என்று அனுப்பிவிட்டேன். இரண்டாம் நாள் அவளைக் கண்டதும் போனைக் காதில் வைத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் எனக்குப் பயம். இந்த மாதிரித் தாளில் கையெழுத்துப் போட்டால் சோதனைச்சாலை எலி ஆக்கிவிடுவார்கள் என்று பக்கத்து நாற்காலிக்காரர் வேறு சொல்லியிருந்தார். மூன்றாம் நாள் கரண்ட் ரூமுக்கு வெளியே இரும்பு நாற்காலியில் அம்மாவோடு உட்கார்ந்திருந்தேன். எழுந்து போக இடமில்லை. 'இதுல கையெழுத்து போட்டா எங்களுக்கு என்னம்மா பிரயோஜனம்?' என்று கொஞ்சம் கடுமையாகவே கேட்டுவிட்டேன்.

'உங்களுக்கு ஒண்ணும் இல்ல' என்றாள். மலையாளம் கலந்த தமிழ். 'பின்னால வர்றவங்களுக்கு இருக்கலாம். வேண்டாம்னா வேண்டாம், இங்க சிகிச்சைக்கு ஒரு குறையும் வராது.'

அதோடு போயிருந்தால் நானும் விட்டிருப்பேன். அவள் போகவில்லை. அம்மாவுக்கு வாராவாரம் ஏற்றும் மருந்து எப்படி வந்தது தெரியுமா என்று கேட்டாள். மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையில், அம்மாவுக்கு இருக்கும் இதே நிலையில் வந்த 850 பெண்கள் ஓர் ஆய்வில் சேர ஒப்புக்கொண்டார்களாம். ஒரு பாதிப் பேருக்குக் கரண்ட் மட்டும். மறுபாதிக்குக் கரண்டோடு சிஸ்பிளாட்டின் என்ற இதே மருந்தும். யாருக்கு எது என்பது குலுக்கல் மாதிரி. 2003-இல் தொடங்கி, ஒவ்வொருவரையும் வருஷக்கணக்காகப் பின்தொடர்ந்து, 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். ஐந்து வருஷம் கழித்து, கரண்ட் மட்டும் வைத்தவர்களில் 100-க்கு 46 பேர் உயிரோடு இருந்தார்கள். மருந்தும் சேர்த்து வாங்கியவர்களில் 54 பேர்.

வித்தியாசம் எட்டுப் பேர். அதைக் கேட்டதும் அம்மா, 'அந்த எட்டுல நான் இருந்தாப் போதும்' என்று சொல்லிப் பேனாவை வாங்கிவிட்டாள். தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக, கோலம் போடுகிற மாதிரி, எழுதினாள்.

அப்போது எனக்குத் தம்பியின் நினைப்பு வந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் பைக்கில் விழுந்து அவனுக்குத் தலையில் அடிபட்டதும் உங்களுக்குத் தெரிந்த கதைதான். போய் இறங்கியதும் போட்ட ஊசிக்கு டிரானெக்சாமிக் ஆசிட் என்று பெயர். ரத்தக்கசிவைக் குறைக்கும் சாதாரண, விலை மலிவான மருந்து. அடிபட்ட மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால், மிக மோசமாக அடிபடாதவர்களில் சாவு குறைகிறது என்று 2019-இல்தான் தெளிவாயிற்று. அதற்கு 29 நாடுகளில் 12,737 பேரைச் சேர்த்திருக்கிறார்கள். மண்டையில் அடிபட்டவன் எங்கே கையெழுத்துப் போடுவான்? யாருடைய அண்ணனோ அம்மாவோ, என்னை மாதிரி ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று சரி என்று தலையாட்டியிருப்பார்கள். இந்த 850 பேரும் அந்த 12,000 பேரும் என்ன ஊர், என்ன பாஷை என்றே தெரியாது. அவர்களுக்கும் இதிலேயே ஒரு கும்பிடு.

சரி, அந்தப் பெண்ணிடம் வருகிறேன். ஆஸ்பத்திரியில் கட்டியதை மட்டும் கேட்பாள் என்று நினைத்தேன். அவள் டீ செலவைக் கேட்டாள். அறை வாடகை, ஆட்டோ, கூட வருபவரின் சாப்பாடு, அடகு வைத்த நகை, பிள்ளைகளின் பீஸ் தள்ளிப்போனதா, நீங்கள் மாத்திரையை நாள் தள்ளி வாங்கினீர்களா என்றெல்லாம் கேட்டாள். மருந்துக்குப் பக்கவிளைவு இருப்பதுபோல் செலவுக்கும் உண்டு, அதுவும் உடம்பை வாட்டும், அதைப் பணத்தின் நச்சு என்றே ஆய்வாளர்கள் சொல்கிறார்கள் என்றாள். அவள் தாளில் இருந்த கேள்விகளில் 11, சிகாகோ பல்கலைக்கழகத்தில் நோயாளிகளிடம் கேட்டுக் கேட்டு உருவாக்கியவையாம். 2014-இல் வந்தவை.

எல்லாவற்றையும் கூட்டிக் காட்டினாள். ஆஸ்பத்திரிக்கு நாங்கள் கட்டியது 31,000 ரூபாய். மற்றதெல்லாம், பெரும்பாலும் பூட்டிக் கிடந்த கடையில் போன வரும்படியையும் சேர்த்து, தனியாக 57,000. காப்பீடு, சலுகை என்று எல்லாரும் பேசுவது அந்த 31,000-ஐப் பற்றித்தான். எங்களைச் சாய்த்தது மற்றது. தம்பி விஷயத்திலும் இதுவேதான். அவனுக்கு அடிபட்டபோது முதல் 48 மணி நேரத்துக்கு யாரும் எங்களிடம் காசு கேட்கவில்லை. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம் அது, பெரிய உபகாரம், மறக்க மாட்டோம். ஆனால் அதற்குப் பின்னால் ரெண்டு வருஷம் அவன் வேலைக்குப் போகவில்லை. சொன்னது மறந்துவிடும், சட்டென்று கோபம் வரும். அந்த ரெண்டு வருஷத்துக்கு என்ன செலவு என்று ஒருவரும் கேட்டதில்லை, நாங்களும் எழுதி வைக்கவில்லை.

இதற்கு நடுவில்தான் அந்தக் கேள்வி வந்தது. நோயாளியின் தொழில்?

நான் யோசிக்கவே இல்லை. 'வீட்லதான் இருக்காங்க' என்றேன். அம்மாவும் தலையாட்டி, 'சும்மாதான் இருக்கேன் தாயீ' என்றாள்.

அவள் எழுதவில்லை. பேனா அப்படியே நின்றது. அம்மாவின் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தரி பிடித்துப் பிடித்துக் காய்ப்பேறிய பெருவிரல். பீடி முனையை மடக்கி மடக்கித் தேய்ந்துபோன நகம். ஐந்து வாரம் புகையிலைத் தூளையே தொடாமல் இருந்தும் விரல் இடுக்கில் அந்தப் பழுப்பு போகவில்லை.

'அம்மே, பீடி தெறுப்பு உண்டோ?'

அம்மாவுக்கு அதில் பீடி என்ற சொல் மட்டும் புரிந்தது. 'ஆமா தாயீ, பத்து வயசுல இருந்து' என்றாள். அந்தப் பெண் கண்ணூர் பக்கமாம். அவளுடைய அம்மம்மாவும் பீடி சுற்றியவராம், பெருவிரல் இதே மாதிரி இருக்குமாம். பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டாள்: 'பீடி கார்டு இருக்கா?'

பீடித் தொழிலாளி என்பதற்கான அடையாள அட்டையைத்தான் கேட்டாள். இந்தக் கேள்வி அவள் தாளில் இல்லை. பீடி சுற்ற மடியில் வைத்துக்கொள்ளும் முக்கூடல் சுளகு சிகாகோக்காரருக்கு எப்படித் தெரியும்? அவளாகக் கேட்டாள், ஓரத்தில் அவளாகவே எழுதிக்கொண்டாள்.

இதில் என் வெட்கக்கேட்டையும் சொல்லிவிட வேண்டும். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான ஸ்காலர்ஷிப் சீசன் வந்தால் என் கடையில் ஒரு நாளைக்கு நூறு பீடி கார்டாவது ஜெராக்ஸ் ஆகும். முன்பக்கம், பின்பக்கம், ரெண்டு செட். நானே அந்த ஸ்காலர்ஷிப்பில் படித்தவன்தான். அம்மாவின் கார்டுக்கு லேமினேஷன் போட்டதும் நான்தான். அவளை வீட்டில் சும்மா இருப்பவள் என்று சொன்னதும் அதே நான்தான். எங்கள் நாலு பேரையும் கரை சேர்த்தது மடியில் கிடந்த சுளகும் நூலும். 25 பீடி ஒரு கட்டு, 40 கட்டு சேர்ந்தால் ஆயிரம் என்று எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்ததே அந்தச் சுளகுதான்.

பீடித் தொழிலாளர் நலத் திட்டத்தில், கார்டு உள்ளவருக்கோ அவரை நம்பி இருப்பவருக்கோ புற்றுநோய் வந்தால் சிகிச்சைச் செலவில் ஏழரை லட்சம் ரூபாய் வரை திரும்பக் கிடைக்க வழி இருக்கிறது. மத்திய அரசின் திட்டம். பீடி மேல் போட்ட செஸ் வரியில் ஓடிக்கொண்டிருந்தது, 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்த செஸ் போய்விட்டது, திட்டம் நிற்கவில்லை. சிகிச்சை தொடங்கும்போதே பீடித் தொழிலாளர் ஆஸ்பத்திரியில் கேட்டுத் தாள்களைச் சரியாக வைத்துக்கொள்வது நல்லது. பில்லைத் தொலைத்தால் கஷ்டம். நான் ரெண்டு பில்லில் டீ கிளாஸ் வைத்திருந்தேன், அதெல்லாம் தனிக் கதை. எங்கள் மனு இப்போதுதான் போயிருக்கிறது.

இன்னொன்றும் அவள்தான் சொன்னாள். புற்றுநோய் நோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் டிக்கெட் முழுக்க இலவசம், துணைக்குப் போகிறவர் கால்வாசிக் கட்டணம் கொடுத்தால் போதும். ஆஸ்பத்திரி டாக்டர் கையெழுத்துப் போட்ட படிவம் வேண்டும். நாங்கள் நாலு தடவை முழு டிக்கெட் எடுத்துப் போய்வந்திருந்தோம். எந்தக் கவுண்டரில் அந்தப் படிவம் வாங்குவது என்று எனக்கு விளங்கவில்லை. தாளின் மூலையைக் கிழித்து மலையாளத்தில் ரெண்டு வரி எழுதி, இதைக் காட்டுங்கள் என்று கொடுத்தாள். காட்டினேன். கவுண்டரில் இருந்தவர் படித்துவிட்டு அம்மாவை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். படிவம் கையெழுத்தாகிப் பத்து நிமிஷத்தில் வந்தது. திரும்பி வந்து பார்த்தபோது அவள் வேறு வரிசையில் வேறு யாரிடமோ டீ செலவு கேட்டுக்கொண்டிருந்தாள். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கரண்டுக்கு அம்மா பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

இனி என் கடையில் ஸ்கேன் ரிப்போர்ட், பயாப்ஸி ரிப்போர்ட் நகலெடுக்க யார் வந்தாலும் காசு கிடையாது. ஆனால் நான் கேட்பேன்: பீடி கார்டு இருக்கா? கோபித்துக்கொள்ளக் கூடாது. போன சனிக்கிழமை ஒரு ஆச்சியிடம் கேட்டேன், 'நானே டாக்டர் சொன்னதுல ஆடிப்போயிருக்கேன், ஒனக்கு பீடி கார்டு கேக்குதோ' என்று ஏசினார்கள். பிறகு கார்டை எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

அப்புறம், 30 வயது தாண்டிய நம்ம ஊர்ப் பெண்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பப்பை வாய்ச் சோதனை செய்துகொள்ளுங்கள். கூச்சப்பட வேண்டாம். நர்ஸ்கள் வினிகர் மாதிரி ஒரு திரவத்தைத் தடவிப் பார்க்கும் சோதனை எந்த அளவுக்கு உயிர் காக்கும் என்று கண்டதே நம்ம திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில்தான். அந்த ஆய்வு 2007-இல் வந்தது. ஒரே ஒரு தடவை சோதனைக்குக் கூப்பிட்ட ஊர்களில் இந்த நோயால் சாவது 35 சதவீதம் குறைந்திருந்தது. திண்டுக்கல் இங்கிருந்து நாலு மணி நேரம். அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை, எனக்கும் தெரியவில்லை.

அந்தத் துண்டுத் தாளை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. ஜெராக்ஸ்காரன் இல்லையா, நகலெடுத்துக் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். முந்தாநாள் புனலூர்க்கார லாரி டிரைவர் ஒருவர் ஆர்.சி. புக் நகலெடுக்க வந்தார். அதைப் படிக்கச் சொன்னேன்.

'பீடித் தொழிலாளி. அதிக நேரம் நிற்க வைக்க வேண்டாம்.' அவ்வளவுதான் எழுதியிருக்கிறது என்றார்.

ராத்திரி அம்மாவிடம் சொன்னேன். 'தொழிலாளின்னா எழுதியிருக்கு?' என்று ரெண்டு தடவை கேட்டாள். இன்று காலையிலிருந்து சுளகு எங்கே, கத்தரி எங்கே என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். டாக்டர் சொல்கிற வரை கொடுப்பதாக இல்லை, பரணில் ஒளித்து வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வருகிற யாரும் காட்டிக்கொடுத்துவிடாதீர்கள்.