ஆடுகிறவர்களுக்கு எதற்குச் சம்பளம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கொழிஞ்சாம்பாறையில் அரிசி மில் வைத்திருக்கிறேன். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு நவீன நடனம் தயாரிக்கிறார்கள். ராத்திரி என் மில் களத்தில்தான் ஒத்திகை. இடம் கொடுத்த பாவத்துக்குப் பொருளாளர் பதவியும் என் தலையில் விழுந்தது. ரசீது புத்தகத்தோடு வேலந்தாவளத்திலிருந்து சித்தூர் வரை கடைகடையாக ஏறி இறங்குகிறேன்.

போனதும், "என்ன கதை? எந்தச் சாமி?" என்கிறார்கள். கதையில்லை, பாட்டும் இல்லை. காயப்போட்ட நெல்லைப் பெண்கள் காலால் கிளறிக்கொண்டே நடப்பார்களே, அந்த நடையை வைத்து முக்கால் மணி நேரம் ஆடுகிறார்கள் என்றால் முகம் ஒரு மாதிரி போகிறது. பரதத்தோடு களரியையும் யோகத்தையும் சேர்த்து ஆடவைத்த சந்திரலேகா மறைந்ததே 2006இல். நமக்கு இன்னும் இது புதுசு! சரி, அதுகூடப் போகட்டும். அடுத்து வருவதுதான் பொறுக்க முடியாதது: "ஆசைக்குத்தானே ஆடுறாங்க, ஆடுறவங்களுக்கு எதுக்குச் சம்பளம்?"

மைக் செட்டுக்குத் தருகிறார்கள். பந்தலுக்கு, சாப்பாட்டுக்குத் தருகிறார்கள். கடைப் பெயர் போட்ட ஃப்ளெக்ஸ் என்றால் கேட்காமலே தருகிறார்கள். ஆடுகிற பெண் ஒருத்தி கோயம்புத்தூர் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள். லீவு போட்டால் அன்றைய சம்பளம் போச்சு. சிமெண்டுக் களத்தில் விழுந்து புரண்டு முழங்கால் தோல் உரிந்து, அதில் தேங்காயெண்ணெயைத் தடவிக்கொண்டு காலையில் முதல் பஸ் பிடிக்கிறாள். இன்னொருவன் ஆட்டோ ஓட்டுகிறவன். ராத்திரி சவாரியை விட்டுவிட்டு வருகிறான். திருவிழாவுக்குச் செண்டைமேளம் பேசும்போது அச்சாரம் கொடுக்காமல் வந்துவிடுவோமா?

இத்தனைக்கும் கலைக்குக் காசு கொடுக்கத் தெரியாத ஊர் இல்லை இது. எங்கள் ஜில்லாவில் பகவதி கோயில் கூத்துமாடங்களில் கம்பராமாயணப் பாட்டோடு தோல்பாவைக் கூத்து நடக்கும். அந்த ராத்திரிக் கூத்துக்குப் பணம் கட்டிய வீட்டாரைக் கூத்துக்காரர்கள் திரைக்குப் பின்னாலிருந்து வாழ்த்துவது வழக்கம். 1930இல் தொடங்கிய, கதகளி சொல்லிக்கொடுக்கும் கேரள கலாமண்டலத்துக்கு மலையாளக் கவிஞர் வள்ளத்தோள் பணம் திரட்டியதே லாட்டரி நடத்தித்தான்.

அதனால் இப்போது நோட்டீஸை மாற்றி அச்சடித்துவிட்டோம். முதல் வரியே ஆடுகிறவர்கள் சம்பளம்: ஒரு ராத்திரி ஒத்திகைக்குத் தலைக்கு 500 ரூபாய், மேடையேறும் நாளுக்கு 3,000. பந்தலும் மைக்கும் கீழே. உரக்கடைக்காரர் ஒருவர் ஜவுளிக்கடைப் பெண்ணின் ஒரு வாரச் சம்பளத்தை ஏற்றுக்கொண்டார். அப்புறம் ஒரு ராத்திரி களத்துக்கே வந்து பார்த்துவிட்டு, "இதுக்கு 500 கம்மிய்யா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கலை விழா நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "மேடை தருகிறோம், வாருங்கள்" என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். சம்பளம் எவ்வளவு, வண்டிச் செலவு யார் பொறுப்பு என்பதையும் அதே கடிதத்தில் எழுதுங்கள். எங்கள் பக்கம் பணம் குறைந்தால் யாரிடம் பாக்கி சொல்வது என்று முடிவு செய்தாகிவிட்டது. மைக் செட்டுக்காரர் எனக்குப் பழக்கம். ஒரு மாதம் பொறுத்துக்கொள்கிறேன் என்றிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓர் அரிசி மில்காரர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்